புதிய பதிப்பு பலமானதா? வீட்டுக் கணினியில் செஸ் எஞ்சின் சோதனை

எஞ்சினில் சிறு மாற்றம் ஒன்று செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நெடுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்களுக்கு இதுவரை 10 சென்டிபான் தண்டனை. அதை 15 ஆக உயர்த்திவிட்டீர்கள். பழைய பதிப்போடு 100 ஆட்டம் மோதவிட்டதில் புதியதற்கு 54 புள்ளி, பழையதற்கு 46. மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா?

இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் சரியான பதில். பாதி ஆட்டங்கள் டிரா ஆகும் போட்டியில், துளி மாற்றமும் இல்லாத ஒரே எஞ்சினின் இரண்டு நகல்களை மோதவிட்டாலும், ஏறத்தாழ ஏழு தடவைக்கு ஒரு தடவை முதல் நகல் 54 அல்லது அதற்கு மேல் எடுத்துவிடும். 54 சதவீதம் என்பது எலோ கணக்கில் 28 புள்ளி முன்னிலை. ஆனால் 100 ஆட்டத்தில் பிழை எல்லை இரு பக்கமும் 48 எலோ. அதாவது உங்கள் புதிய பதிப்பு 76 எலோ பலமானதாகவும் இருக்கலாம், 20 எலோ பலவீனமானதாகவும் இருக்கலாம்.

1,000 ஆட்டம் ஆடினால் பிழை எல்லை 15 எலோவாகக் குறையும். 10,000 ஆடினால் 5. அதையும் பாதியாக்க 40,000 ஆட வேண்டும். பிழை பாதியாக வேண்டுமானால் ஆட்டங்கள் நான்கு மடங்காக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. முதிர்ந்த எஞ்சின்களில் ஒரு நல்ல மாற்றம் தருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு எலோதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அத்தியாயம் ஏன் இவ்வளவு தூரம் எண்களோடு மல்லுக்கட்டுகிறது என்பது புரியும். ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து, ‘குதிரையை அருமையாக நகர்த்தியது’ என்று மகிழ்வது நல்ல பொழுதுபோக்கு. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

முதலில் எஞ்சின் விதிப்படி ஆடுகிறதா?

பலத்தை அளப்பதற்கு முன்னால் பிழை இல்லாததை உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் ‘பெர்ஃப்ட்’ என்ற சோதனை இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை சாத்தியமான எல்லா நகர்வுகளையும் எஞ்சின் எண்ண வேண்டும். ஆழம் 1-இல் 20, 2-இல் 400, 3-இல் 8,902, 4-இல் 1,97,281, 5-இல் 48,65,609, 6-இல் 11,90,60,324. ஒரு எண் கூடினாலும் குறைந்தாலும் நகர்வு உருவாக்கும் பகுதியில் தவறு இருக்கிறது.

தொடக்க நிலையோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே கோட்டை கட்டுதல், என் பசான், சிப்பாய் பதவி உயர்வு எல்லாம் வருவதற்கு வெகு ஆழம் போக வேண்டும். அதற்காகவே அமைத்த ‘கிவிபீட்’ என்ற நிலையில் இவை முதல் சில ஆழங்களிலேயே வந்துவிடும்: 48, 2,039, 97,862, 40,85,603. இந்த நான்கு எண்களும் பொருந்தினால் பெரும்பாலான பிழைகள் இல்லை என்று நம்பலாம்.

இரண்டாவது கருவி ‘பெஞ்ச்’. குறிப்பிட்ட சில நிலைகளைக் குறிப்பிட்ட ஆழம் வரை ஒரே கோரில் தேடவிட்டு, மொத்தம் எத்தனை நிலைகளைப் பார்த்தது என்ற எண்ணை எஞ்சின் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழுவில் ஆட்டத்தின் போக்கை மாற்றும் ஒவ்வொரு மாற்றத்தோடும் இந்த எண்ணைப் பதிவுசெய்கிறார்கள். அது ஒரு கைரேகை. நிரலைச் சுத்தம் மட்டும் செய்தீர்கள் என்றால் எண் மாறக் கூடாது. மாறினால் உங்களை அறியாமல் வேறெதையோ தொட்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டை மாற்றியும் எண் மாறவில்லையா? உங்கள் மாற்றம் இயங்கவே இல்லை. பத்தாயிரம் ஆட்டம் ஓடி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட ஐந்து விநாடியில் கண்டுபிடிப்பது நல்லது.

கணினியைத் தயார்செய்தல்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு திரெட் மட்டும் கொடுங்கள். எதிராளி யோசிக்கும் நேரத்தில் தானும் யோசிக்கும் ‘பாண்டர்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அப்போது ஒரு ஆட்டத்தில் எந்த நேரத்திலும் ஒரு எஞ்சின்தான் யோசித்துக்கொண்டிருக்கும்; ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும். ஆறு கோர் உள்ள கணினியில் ஐந்து ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம். மீதி ஒன்று இயங்குதளத்துக்கும் போட்டி நடத்தும் மென்பொருளுக்கும். ஹைப்பர்திரெடிங் காரணமாக கணினி 12 என்று காட்டுவதை நம்பி 11 ஆட்டம் ஓட்டினால், இரண்டு எஞ்சின்கள் ஒரே கோரைப் பங்குபோட்டு வேகம் ஏறி இறங்கும். எண்ண வேண்டியது உண்மையான கோர்களை.

இப்போது வரும் பல கணினிகளில் வேகமான கோர்களும் மெதுவான கோர்களும் கலந்து இருக்கின்றன. எஞ்சின் எந்தக் கோரில் விழுகிறது என்பது இயங்குதளத்தின் கையில். இதனால் ஒருபக்கச் சாய்வு வராது என்றாலும் முடிவில் இரைச்சல் கூடும். முடிந்தால் ஆட்டங்களை வேகமான கோர்களோடு மட்டும் பிணைத்துவிடுங்கள்.

சூடு தனிப் பிரச்சினை. நம் ஊர்க் கோடையில், ஏசி இல்லாத அறையில், மடிக்கணினி சில நிமிடங்களிலேயே கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போட்டியில் இது இரு எஞ்சின்களையும் ஒரே அளவில் பாதிப்பதால் பெரிய அநியாயம் நடந்துவிடாது. ஆனால் வேகத்தை ஒப்பிடும்போது கணக்கே தலைகீழாகிவிடும். கணினி குளிர்ந்திருக்கும்போது பழைய பதிப்பின் பெஞ்சையும், சூடேறிய பிறகு புதியதன் பெஞ்சையும் ஓட்டினால், புதியது மெதுவானது என்று பொய்யாகத் தெரியும். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறிப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள். வேகம் முக்கியம்: குறுகிய ஆட்டங்களில் மூன்று சதவீத வேகம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு மூன்று எலோ போய்விடும். ஒரு நல்ல யோசனை தரும் லாபம் முழுவதையும் அது விழுங்கிவிடலாம்.

சோதனை ஓடும்போது அதே கணினியில் வீடியோ பார்ப்பது, கோப்புகளைச் சுருக்குவது எல்லாம் வேண்டாம். இரவில் ஓடவிட்டு, காலையில் பார்ப்பதே வசதி.

போட்டியை அமைத்தல்

எஞ்சினும் போட்டி மென்பொருளும் பேசிக்கொள்ளும் மொழி ‘யுசிஐ’. ஸ்டீபன் மேயர்-காலனும் ருடால்ஃப் ஹூபரும் 2000-இல் வெளியிட்டது. உங்கள் எஞ்சின் இதைப் பேசினால் கட்டக்செஸ், ஃபாஸ்ட்செஸ் போன்ற இலவச மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆளில்லாமல் நடத்தித் தரும். இரண்டையும் கட்டளை வரியிலிருந்து இயக்கப் பழகிக்கொள்ளுங்கள். பலகை தெரியும் மென்பொருளில் ஆட்டம் பார்ப்பது அழகு. சோதனைக்கு அது தேவையில்லை.

நேரக் கட்டுப்பாடாக 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடியும் வையுங்கள். ஸ்டாக்ஃபிஷுக்கான சோதனைக்களமான ஃபிஷ்டெஸ்ட்டிலும் முதல் கட்டத்துக்கு இதுதான் அளவு. ஒரு ஆட்டம் சுமார் அரை நிமிடம் எடுக்கும். நான்கு ஆட்டம் இணையாக ஓடினால் மணிக்கு 480, ஒரு நாளைக்குப் பதினோராயிரத்துக்கு மேல். ஹேஷ் நினைவகம் இந்த வேகத்துக்கு 16 எம்பி போதும். இரு எஞ்சினுக்கும் ஒரே அளவு.

ஓப்பனிங் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய சோதனை கெட்டுப்போவது இங்கேதான். தொடக்க நிலையிலிருந்தே ஆடவிட்டால் எஞ்சின்கள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். ஆயிரம் ஆட்டம் நடந்திருக்கும், தகவல் பத்து ஆட்டத்துக்குரியதாக இருக்கும். அதனால் ஆயிரக்கணக்கான நிலைகள் கொண்ட ஓப்பனிங் கோப்பு ஒன்று வேண்டும். அதிலிருந்து வரிசையின்றி எடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை ஆட வேண்டும்: ஒருமுறை புதிய பதிப்பு வெள்ளை, அடுத்த முறை கறுப்பு.

எப்படிப்பட்ட நிலைகள்? உங்கள் எஞ்சின் தவழும் பருவத்தில் இருந்தால் இரு பக்கமும் சமமான நிலைகளே போதும். பலமான எஞ்சின்களுக்கு அது பயன்படாது. சமநிலையிலிருந்து அவை ஏறக்குறைய எல்லாவற்றையும் டிரா செய்துவிடும். டிராக் குவியலிலிருந்து எந்தத் தகவலும் கிடைக்காது. இதற்காகத்தான் ஸ்டீபன் போல் என்பவர் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்குத் தெளிவான சாதகம் உள்ள நிலைகளைத் திரட்டினார். ‘யுஎச்ஓ’ என்ற பெயரில் அவை கிடைக்கின்றன. வெள்ளை வெல்லுமா, கறுப்பு தப்பிக்குமா என்ற விளிம்பில் ஆட்டம் தொடங்கும். பலமான பதிப்பு வெள்ளையில் வெல்லும், கறுப்பில் தப்பிக்கும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இப்படிப்பட்ட நிலைகளில் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து ஒரு ஜோடியாகவே எண்ண வேண்டும். இரு பதிப்புகளுமே வெள்ளையில் வென்றால் ஜோடியின் முடிவு 1-1. அதில் செய்தி எதுவும் இல்லை. தனித்தனியாக எண்ணினால் அது ஒரு வெற்றி, ஒரு தோல்வியாகப் பதிவாகிப் பிழை எல்லையைத் தேவையில்லாமல் பெருக்கும். ஜோடிக்கு 0, 0.5, 1, 1.5, 2 என ஐந்து முடிவுகள் மட்டுமே. இந்த ஐந்து வகைக் கணக்கை உங்கள் மென்பொருள் காட்டினால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆட்டத்தைப் பாதியில் முடித்துவைக்கும் விதிகள் நேரத்தை மிச்சப்படுத்தும். தொடர்ந்து 3 நகர்வுகளில் ஒரு எஞ்சின் தன் நிலையை 600 சென்டிபானுக்கு மேல் பாதகமாகக் காட்டினால் தோல்வி. 34-வது நகர்வுக்குப் பிறகு தொடர்ந்து 8 நகர்வுகளில் இரு பக்க மதிப்பீடும் 20 சென்டிபானுக்குள் இருந்தால் டிரா. எண்ட்கேம் சம்பந்தமான மாற்றங்களைச் சோதிக்கும்போது மட்டும் இந்த விதிகளை எடுத்துவிடுங்கள். நீங்கள் அளக்க விரும்பும் பகுதியே ஆடப்படாமல் போய்விடும்.

முதல் நூறு ஆட்டம் முடிந்ததும் பதிவைத் திறந்து, நேரம் தீர்ந்து தோற்றவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் சோதனையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது செஸ் பலத்தை அல்ல, கடிகாரக் கோளாறை.

எப்போது நிறுத்துவது?

40,000 ஆட்டம் ஆட வேண்டும் என்றால் வீட்டுக் கணினியில் ஒரு மாற்றத்துக்கே நாலு நாள் ஆகும். மோசமான மாற்றம் என்று இரண்டாயிரத்திலேயே தெரிந்துவிட்டாலும் மீதியை ஆட வேண்டுமா? வேண்டாம் என்கிறது தொடர்முறை நிகழ்தகவு விகிதச் சோதனை. எஞ்சின் உலகில் ‘எஸ்பிஆர்டி’. இதை உருவாக்கியவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், போர்த் தளவாடங்களைச் சோதிக்கும்போது எத்தனை மாதிரிகளோடு நிறுத்தலாம் என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்த முறை இது. 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு விரிவுரையாற்ற வந்த வால்டும் அவர் மனைவியும் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்தார்கள். அவருக்கு அப்போது 48 வயது. இன்று உலகெங்கும் எஞ்சின் எழுதுபவர்கள் அவருடைய கணக்கை நம்பித்தான் இரவில் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

வேலை இப்படி நடக்கிறது. இரண்டு எலோ எண்களைக் கொடுக்கிறீர்கள். 0, 5 என்று வைத்துக்கொள்வோம். ‘மாற்றத்தால் பயனில்லை’ என்பது ஒரு கருதுகோள்; ‘5 எலோ லாபம்’ என்பது மற்றொன்று. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் இதுவரை வந்த முடிவுகள் எந்தக் கருதுகோளோடு கூடுதலாகப் பொருந்துகின்றன என்று மென்பொருள் ஒரு எண்ணைக் கணக்கிடும். திரையில் ‘எல்எல்ஆர்’ என்று ஏறி இறங்கிக்கொண்டிருப்பது அதுதான். தவறான முடிவுக்கு 5 சதவீத வாய்ப்பை அனுமதித்தால், அது 2.94-ஐத் தொட்டால் மாற்றம் தேறியது; மைனஸ் 2.94-ஐத் தொட்டால் தேறவில்லை. இரண்டையும் தொடாதவரை ஆட்டம் தொடரும்.

பாதி ஆட்டங்கள் டிராவாகும் போட்டியில், உண்மையிலேயே 5 எலோ லாபம் தரும் மாற்றம் தேறுவதற்குச் சராசரியாக 13,000 ஆட்டம் வேண்டியிருக்கும். உண்மை லாபம் நடுவில், 2.5 எலோவாக இருந்தால், முறை தடுமாறி 20,000-ஐத் தாண்டும். எல்லைகளை 0, 10 என்று விரித்தால் இவை நான்கில் ஒரு பங்காகக் குறையும். புது எஞ்சின் எழுதுகிறவர்கள் 0, 10-இல் தொடங்குங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு நல்ல மாற்றமும் பத்து இருபது எலோ தரும். அவற்றைப் பிடிக்க அகலமான வலை போதும். மாற்றங்கள் சிறுக்கச் சிறுக்க எல்லையையும் சுருக்குங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது: எல்எல்ஆர் எல்லையைத் தொடாமல் கையால் நிறுத்தாதீர்கள். 2.5 வரை வந்துவிட்டது, போதும் என்று நிறுத்தினால் 5 சதவீதம் என்ற உத்தரவாதம் போய்விடும். தோற்ற மாற்றத்தை ‘துரதிர்ஷ்டம்’ என்று திரும்ப ஓட்டுவதும் அதே தவறுதான். ஒன்றுக்கும் உதவாத மாற்றம் ஒவ்வொரு ஓட்டத்திலும் 5 சதவீத வாய்ப்பில் தேறும். அப்படிப் பதினான்கு ஓட்டம் ஓட்டினால், ஒன்றாவது தேறிவிட இரண்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது.

எண்களைத் தேடுதல்

சோதனை கைவசம் ஆனபின் டியூனிங் பேசலாம். இரட்டைச் சிப்பாய்க்கு 10-ஆ, 15-ஆ, 12-ஆ என்று ஒவ்வொன்றாக ஆட்டம் ஓட்டிப் பார்த்தால் ஆயுள் போதாது. ஒரு மதிப்பீட்டுப் பகுதியில் இப்படி நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கும்.

வீட்டுக் கணினிக்கு மிக ஏற்றது டெக்ஸல் முறை. டெக்ஸல் எஞ்சினை எழுதிய பீட்டர் ஓஸ்டர்லுண்ட் 2014-இல் விளக்கியது. அவர் 64,000 ஆட்டங்களிலிருந்து 88 லட்சம் நிலைகளை எடுத்தார். ஒவ்வொரு நிலைக்கும் எஞ்சின் தரும் மதிப்பீட்டை ஒரு வளைகோட்டின் வழியாக 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எதிர்பார்ப்பாக மாற்றி, அந்த ஆட்டத்தின் உண்மையான முடிவோடு ஒப்பிட்டார். உதாரணமாக, 100 சென்டிபான் சாதகம் 0.64 என்று மாறுகிறது என்றால், அந்த ஆட்டத்தை வெள்ளை வென்றிருந்தால் வித்தியாசம் 0.36, அதன் வர்க்கம் 0.13. டிராவானால் வர்க்கம் 0.02. தோற்றிருந்தால் 0.41. எல்லா நிலைகளின் வர்க்கங்களுக்கும் சராசரி எடுங்கள். அந்தச் சராசரி குறையும்படி எண்களை நகர்த்திக்கொண்டே போவதுதான் முறை. புதிதாக ஒரு ஆட்டமும் ஆட வேண்டியதில்லை என்பதால் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

அமைதியான நிலைகளையே தேர்ந்தெடுங்கள். ராணி வெட்டுப்பட நிற்கும் நிலையில் மதிப்பீடு சொல்வது அர்த்தமற்றது. பிறருடைய ஆட்டங்களைவிட உங்கள் எஞ்சினின் சொந்த ஆட்டங்களிலிருந்து நிலைகள் எடுப்பதையே நான் விரும்புகிறேன். அது அடிக்கடி சந்திக்கும் வகை நிலைகள் அவைதான். பிழை குறைந்துவிட்டது என்பதால் பலம் கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். டியூன் செய்த எண்களையும் எஸ்பிஆர்டியில் ஓட்டியே ஏற்க வேண்டும்.

தேடல் பகுதியின் எண்களுக்கு, எந்த நகர்வுகளை எவ்வளவு ஆழம் குறைத்துத் தேடுவது போன்றவற்றுக்கு, டெக்ஸல் உதவாது. அவை ஆட்டத்தில்தான் தெரியும். அங்கே ஜேம்ஸ் ஸ்பால் வகுத்த ‘எஸ்பிஎஸ்ஏ’ கைகொடுக்கும். எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் தற்செயலாகக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒரு எஞ்சினும், அதற்கு நேரெதிராக மாற்றி இன்னொரு எஞ்சினும் அமைத்து ஒரு ஜோடி ஆடவிடுகிறது. வென்ற பக்கம் எல்லா எண்களையும் சிறிது நகர்த்துகிறது. இருபது எண்களானாலும் ஒரு சுற்றுக்கு ஒரு ஜோடிதான். ஆனாலும் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். எண்கள் நிலைகொள்ளாமல் அலைந்தால், ஒரு எண்ணை எவ்வளவு அசைத்துப் பார்ப்பது என்ற அளவு சிறிதாக இருக்கிறது என்று பொருள். அந்த அசைவே மூன்று நான்கு எலோ வித்தியாசம் தரும்படி பெரிதாக்குங்கள்.

2020-இல் ஸ்டாக்ஃபிஷ் ஏற்றுக்கொண்ட ‘என்என்யூஇ’ நரம்பு வலைக்குப் பிறகு, கையால் எழுதிய மதிப்பீடு பலமான எஞ்சின்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. வலையைப் பயிற்றுவிப்பது அடுத்த அத்தியாயம். அதற்கும் இறுதித் தீர்ப்பு இதே எஸ்பிஆர்டிதான்.

தேறிய பிறகு

10 விநாடி ஆட்டத்தில் தேறியது 60 விநாடியில் தேறும் என்ற உறுதி இல்லை, குறிப்பாகத் தேடல் மாற்றங்களில். ஃபிஷ்டெஸ்ட்டில் முதல் கட்டம் தாண்டியவை 60 விநாடியும் 0.6 விநாடியும் கொண்ட இரண்டாம் கட்டத்தையும் தாண்ட வேண்டும். வீட்டில் எல்லாவற்றுக்கும் அது கட்டுப்படியாகாது. தேறிய ஐந்தாறு மாற்றங்களைச் சேர்த்து ஒரு முறை நீண்ட ஆட்டத்தில் சோதித்தால் போதும். அதோடு, தன் பழைய பதிப்பை வெல்வதில் கிடைக்கும் எலோ மற்ற எஞ்சின்களுக்கு எதிராகச் சுருங்கிவிடுவது வழக்கம். வெளியீட்டுக்கு முன் உங்கள் எஞ்சினுக்கு நிகரான பலமுள்ள வேறு சில எஞ்சின்களோடு ஆடவிட்டுப் பாருங்கள்.

ஃபிஷ்டெஸ்ட்டை கேரி லின்ஸ்காட் 2013-இல் தொடங்கினார். அது ஓடுவது பெரும்பாலும் ஆர்வலர்கள் இரவல் தரும் கணினிகளில்தான். அங்கே வரும் யோசனைகளில் பெரும்பாலானவை தோற்றுத்தான் போகின்றன. எழுதியவர்கள் இந்தத் துறையின் மிகச் சிறந்தவர்கள். ஆகவே உங்கள் மாற்றங்கள் அடுத்தடுத்துத் தோற்றால் மனம் தளராதீர்கள். தோற்ற ஒவ்வொன்றையும் எல்லை, ஆட்ட எண்ணிக்கை, எல்எல்ஆர், தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே யோசனை புதிதுபோல் தோன்றும்போது அந்த நோட்டு இரண்டு நாள் கணினி நேரத்தை மிச்சப்படுத்தும்.